பெயர்ப் பதிவும் ஆள் வினாவலும்

“இன்னார் யார்?” என வினாவி விடைபெறும் வழிகள் காலந்தோறும் வேறுபட்டு வந்துள்ளன. கணினி வலையமைப்பில் எழுந்த வழிகளை ஊவாத் தோட்டங்களின் பதிவேட்டு வரலாற்றோடு ஒருங்கு வைத்து ஈண்டு நோக்குவாம்.

1901ஆம் ஆண்டளவில், தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்க்குத் தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத் தகடு வழங்கப்பட்டது. அதனைக் கண்டோர் அவர் எத்தோட்டத்துக்குரியர் என்பதை அறிந்தனர், பெயரை அறிந்திலர். தோட்டத்தை அடைந்தபின்னரே செக்ரோலிற் பெயர் ஏறிற்று. காலையிற் பிரட்டுக் களத்தில் ஆளெண்ணிப் பதிந்த அப்பெயரே நாட்கூலிக்கு ஆதாரமாயிற்று. ஆதலின் தோட்ட வழக்கிற் ‘பேர்’ என்னுஞ் சொல் ஒருநாட் கூலியையும், ‘அரைப்பேர்’ அதன் பாதியையும் குறிக்கலாயின. எனினும் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் முன்னோர் இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று வேண்டியபொழுது, செக்ரோலிற் பெயரிருந்தும் பிறப்புச் சான்று காட்ட இயலாதோர் நாடற்றவராயினர். எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே வழி திறந்தது.

இனிக் கணினியுலகை நோக்குவாம். 1971இல் ஸ்ரான்போர்ட் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் லெஸ் ஏர்னெஸ்ற் என்பார் ‘பிங்கர்’ என்னும் நிரலை ஆக்கினார். ஒரே கணினியைப் பலர் பகிர்ந்த காலம் அது. பெயர்ப் பட்டியலில் விரலோட்டித் தேடும் வழக்கத்தினின்று அப்பெயர் பிறந்தது. 1977இல் அது வலையமைப்பு நெறிமுறையாயிற்று. வினாவுவோர் 79ஆம் வாயிலுக்குப் பெயரை அனுப்பின், அவருடைய முழுப்பெயர், நுழைந்த நேரம், அவர் தாமே எழுதிவைத்த ‘பிளான்’ குறிப்பு என்பன விடையாக வரும். 1982இல் வகுக்கப்பட்ட ‘ஹூஇஸ்’ நெறிமுறையோ 43ஆம் வாயில் வழியாக மத்திய பதிவேடொன்றை வினாவிற்று.

1988 நவம்பர் 2ஆம் நாள் பரவிய மோரிஸ் புழு, பிங்கர் சேவை நிரலின் குறையையும் பற்றிக்கொண்டு பல்லாயிரம் கணினிகளுட் புகுந்தது. அந்நியர் அனைவர்க்கும் விடைபகர்தல் ஆபத்தெனக் கண்ட நிறுவனங்கள் அவ்வாயிலைப் படிப்படியாக அடைத்தன. 2018இல் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், ஹூஇஸ் விடைகளிலிருந்தும் தனியாட்களின் பெயர்கள் மறைக்கப்படலாயின.

ஆயின் பதிவேடே வேண்டாவென்பது பொருந்தாது. 2014 ஒக்டோபர் 29இல் ஹல்துமுல்லைப் பிரிவின் மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்கள் புதையுண்டபொழுது, மறைந்தோர் யாவர் என்ற வினாவுக்கு உடனடி விடை கிடைத்திலது. எண்ணிக்கை பன்முறை மாறிற்று. பெயர் பதியப்பெறாமையும் தீங்கே. பதிந்த பெயரை எவரும் எடுத்தாளுதலும் தீங்கே. எனவே நாளைய பதிவேடுகளை அமைக்கவிருக்கும் நம் மாணவர், பதியப்பெற்றவர் தம் பதிவைக் காணவும் திருத்தவும் வழிவகுப்பாராக.