தெளிவும் தூய்மையும்: மீன்தொட்டி வடிகட்டியின் வரலாறு

தெளிந்த நீரெல்லாம் தூய நீர் ஆகாது. கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர் பலர் இவ்வுண்மையைத் தம் மீன்களை இழந்த பின்னரே உணர்கின்றனர். வடிகட்டியிலுள்ள மணலையும் பஞ்சையும் குழாய்நீரில் நன்கு அலசி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, பளிங்கு போன்ற புதுநீரை நிரப்புகின்றனர். சின்னாட்களில் மீன்கள் நீரின் மேற்பரப்பில் வாய்திறந்து மூச்சுக்குத் தவித்து மடிகின்றன. அழுக்குப் படிந்த தொட்டியில் வாழ்ந்த மீன், தூய்மை செய்த தொட்டியில் மாள்வது ஏன்? இவ்வினாவின் விடை தெளிவாதற்கு நாற்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன. அவ்வரலாற்றில் ஒரு தந்தையும் அவர்தம் மைந்தனும் இடம்பெற்றமை வியத்தற்குரியது.

தந்தையின் பெயர் றொபேட் வாரிங்ரன். 1841இல் இலண்டன் இரசாயனச் சங்கம் தோன்றுதற்கு முன்னின்று உழைத்தவர் அவர். பொன்மீனைக் கிண்ணத்தில் இட்டு அடிக்கடி நீர் மாற்றுதலே அக்கால வழக்கமாயிருந்தது. நீரை மாற்றாமலே மீனை வாழவைத்தல் கூடுமோ என அவர் ஆராயத் தலைப்பட்டார். 12 கலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரமொன்றிற் பாதியளவு ஊற்றுநீர் விட்டு, அடியில் மணலும் சேறும் சுண்ணக்கற்றுண்டுகளும் இட்டு, வலிசினேரியா என்னும் நீர்ப்பூண்டை நட்டு, இரு சிறு பொன்மீன்களை அதில் விடுத்தார். மீன் வெளிவிடும் காபனீரொட்சைட்டைப் பூண்டு ஏற்கும். பூண்டு வெளிவிடும் ஒட்சிசனை மீன் ஏற்கும். ஆயினும், முதிர்ந்த இலைகள் அழுகி நீரைக் கெடுத்தன. அழுகலை உண்ணும் நீர்நத்தைகளைச் சேர்த்த பின்னரே நீர் மீண்டும் தெளிந்தது. இம்முடிவுகளை 1850இல் அவர் இரசாயனச் சங்கத்தின்முன் வைத்தார்.

காலமும் இதற்கு இசைவாயிருந்தது. 1845இல் இங்கிலாந்திற் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டது. 1853இல் இலண்டன் விலங்கினச் சோலையில் மீனகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் பிலிப்பு கென்றி கோசு வெளியிட்ட நூல் இவ்வார்வத்தை இல்லங்கள்தோறும் பரப்பிற்று.

எனினும், வாரிங்ரனின் விளக்கத்தில் ஓர் இடைவெளி இருந்தது. மீன் தன் பூக்களின் வழியாக அமோனியாவையும் கழிக்கின்றது. நிறமின்றி நீரிற் கரைந்துநிற்கும் அந்நஞ்சு எவ்வாறு அகன்றது என்பதை அக்கால அறிவு கொண்டு கூறல் இயலாதிருந்தது. 1829இல் யேம்சு சிம்சன் இலண்டன் மாநகரின் செல்சிப் பகுதியில் குடிநீருக்கென அமைத்த பெரும் மணல் வடிகட்டியும் அழுக்கைத் தடுக்கும் அரிதட்டாகவே மதிக்கப்பட்டது. மணலில் உயிர் உண்டு என எவரும் எண்ணினாரல்லர்.

அவ்வெண்ணத்தை மாற்றியவர்கள் பிரெஞ்சு அறிஞர்களாகிய சுலோசிங்கும் மியூன்ற்சும் ஆவர். மணலும் சுண்ணக்கல்லும் நிரப்பிய குழாயொன்றின் ஊடாகக் கழிவுநீரை அவர்கள் மெல்ல வடியவிட்டனர். முதல் இருபது நாட்களில் அமோனியா மாற்றமின்றி வெளிவந்தது. பின்னர் அது குறைந்து மறைய, அதனிடத்து நைத்திரேற்று தோன்றிற்று. இது வெறும் இரசாயனத் தாக்கமாயின் முதல்நாளே நிகழ்ந்திருத்தல் வேண்டும். குளோரபோம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. மண் கலந்த நீரைச் சிறிது சேர்க்க மீண்டும் தொடங்கிற்று. எனவே இது நுண்ணுயிர்களின் செயலே என 1877இல் அவர்கள் முடிவுசெய்தனர்.

இச்செய்தியறிந்து றொதாம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் இதனை மேலும் ஆராய்ந்தவரே மைந்தர். அவர் பெயரும் றொபேட் வாரிங்ரன் என்பதே. அமோனியா முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் நைத்திரேற்றாகவும் இரு படிகளில் மாறுகின்றது என்பதை அவர் காட்டினார். ஆயினும் அந்நுண்ணுயிர்களைத் தனித்துப் பிரித்தெடுக்க அவரால் இயலவில்லை. அவ்வெற்றி 1890இல் சூரிச் நகரில் வினோகிராட்சுக்கி என்னும் உருசிய அறிஞருக்கே கிட்டிற்று. தந்தை விட்ட இடைவெளியை நிரப்பும் முயற்சியில் மைந்தர் பெரும்பங்கு கொண்டார் எனலாம்.

பிற்கால ஆராய்ச்சி இவ்வறிவைத் திருத்தியும் விரித்தும் வந்துள்ளது. நன்னீர் மீன்தொட்டிகளில் நைத்திரைற்றை மாற்றுவது நெடுங்காலம் நம்பப்பட்ட நைத்திரோபற்றர் அன்று, நைத்திரோசுபைரா இனமே என 1998இல் காட்டப்பட்டது. அவ்வினத்துட் சில இரு படிகளையும் தாமே முடிக்கவல்லன என்பது 2015இல் வெளியாயிற்று.

இவ்வரலாறு இல்லத்துச் சிறு தொட்டிக்கும் வழிகாட்டுகின்றது. பஞ்சும் மணலும் அழுக்கைத் தடுப்பன. கரி நிறத்தையும் மணத்தையும் கவர்ந்து, சில வாரங்களில் ஆற்றல் இழப்பது. இவற்றினும் முதன்மையானது நுண்ணுயிர்களுக்கு உறையுளாதல். ஆதலின் நுண்டுளை மிகுந்து பரப்பு விரிந்த பஞ்சு, சுட்டமண் வளையம், கரடான கூழாங்கல் என்பன சிறந்தவை. அவை அடைபடின், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெல்ல அலசுதல் வேண்டும். குழாய்நீரிலுள்ள குளோரீன் நுண்ணுயிர்களைக் கொல்லும். எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுதல் தகாது. நீரோட்டம் நீண்டநேரம் தடைப்படின் ஒட்சிசனின்றி அவை மடியும். புதுத்தொட்டி பக்குவமடையச் சில வாரங்கள் செல்லும். அதுவரை மீன் சிலவே போதும். உறையுள் அழிந்த தொட்டியில் நைத்திரைற்றுப் பெருகி மீனின் குருதி ஒட்சிசனை ஏந்தும் ஆற்றலைக் குறைப்பதனாலேயே, மீன் மேற்பரப்பை நாடித் தவிக்கின்றது.

நுண்ணுயிர்கள் ஈற்றில் விட்டுவைக்கும் நைத்திரேற்றைப் பூண்டுகள் உணவாக்கிக் கொள்கின்றன. எஞ்சியதை நீரிற் சிறுபகுதியை அவ்வப்போது மாற்றி அகற்றலாம். தந்தை நட்ட பூண்டும் மைந்தர் தேடிய நுண்ணுயிரும் ஒரே தொட்டியில் ஒன்றற்கொன்று துணையாகின்றன. கண்ணுக்குத் தெரிவது தெளிவு. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் ஓயாது உழைத்துத் தருவதே தூய்மை.