சுயவெளியீட்டுச் சித்திரக்கதை: இலக்கிய வகையா, வெளியீட்டு முறையா?

கலையாக்கங்களை வகைப்படுத்த முனைவோர், சில வேளைகளில் அவற்றின் பொருளையும் வடிவத்தையும் நோக்காது, அவை வெளிவந்த வழியை மட்டுமே கொண்டு பெயர் சூட்டிவிடுகின்றனர். 'சுயாதீனச் சித்திரக்கதை' என்னும் பெயரும் அத்தகையதே. படைத்தவரே தம் செலவில் அச்சிட்டு வெளியிடும் சித்திரக்கதைகளைத் தனியொரு வகையாகக் கொள்ளலாமா என்னும் வினாவுக்கு, வட அமெரிக்கச் சித்திரக்கதையின் வரலாறு விடை தரவல்லது.

1938 ஆம் ஆண்டில் ஜெறி சீகல், ஜோ ஷஸ்ரர் என்னும் இளைஞர் இருவர், தாம் படைத்த 'சுப்பர்மான்' பாத்திரத்தின் உரிமையை 130 டொலருக்கு விற்றனர். பாத்திரம் வெளியீட்டாளருக்குப் பெருஞ்செல்வம் ஈட்டித் தந்தது. படைத்தோரோ முதுமையில் அல்லலுற்றனர். பகிரங்கக் கண்டனம் எழுந்த பின்னரே, 1975 இல், அவர்களுக்கு ஆண்டு உதவித்தொகை வழங்கப்பட்டது. கூலி பெற்று உரிமையை இழத்தலே அன்றைய தொழில் வழக்காயிருந்தது. 1954 இல் செனற் சபை உபகுழுவின் விசாரணையை அடுத்து, வெளியீட்டாளர் தாமே ஓர் ஒழுக்கக் கோவையை வகுத்தனர். அதன் முத்திரை பெறாத இதழ்களை விநியோகஸ்தர் பெரும்பாலும் ஏற்கவில்லை. உடைமை, தணிக்கை, விநியோகம் ஆகிய மூன்றும் இவ்வாறு படைப்பாளியின் கையைக் கட்டின.

இக்கட்டுகளை மீறும் முயற்சியாகவே சுயவெளியீடு தோன்றிற்று. றொபேட் கிறம்பின் 'ஸப்' முதலிதழ், பெருநிறுவனம் எதனையும் சாராது 1968 இல் வெளிவந்து, சான்பிரான்சிஸ்கோ வீதியில் குழந்தை வண்டியில் வைத்து விற்கப்பட்டது. எழுபதுகளில் சித்திரக்கதைக்கெனத் தனிக்கடைகள் பெருகின. விற்காத பிரதிகளைத் திருப்பி அனுப்பாத நிபந்தனையில் அவை கொள்வனவு செய்தமையால், எத்தனை பிரதிகள் அச்சிடுவது என்பதைச் சிறு வெளியீட்டாளரும் முன்கூட்டியே கணிக்க முடிந்தது.

இச்சூழலில் விளைந்தவை ஒரே தன்மையினவா? ஹாவி பீக்கர் 1976 முதல் வெளியிட்ட 'அமெரிக்கன் ஸ்பிளென்டர்', கிளீவ்லாந்து நகரில் மருத்துவமனை எழுதுவினைஞராகப் பணியாற்றிய அவரது அன்றாட வாழ்வைக் கூறுவது. டேவ் சிம் 1977 இல் தொடங்கி 2004 வரை 300 இதழ்களாக வெளியிட்ட 'செரிபஸ்', வீரசாகசக் கதைகளின் நையாண்டியாகப் பிறந்து, அரசியலையும் மதத்தையும் ஆராய்வதாக வளர்ந்தது. கெவின் ஈஸ்ற்மன், பீற்றர் லெயாட் ஆகியோர் 1984 இல் ஏறத்தாழ 3000 பிரதிகளுடன் வெளியிட்டது, 'நிஞ்சா' ஆமைகளின் சாகசக்கதை. பொருளாலோ கதைகூறும் முறையாலோ இம்மூன்றையும் ஒரு வகையுள் அடக்குதல் இயலாது.

ஜெவ் ஸ்மித்தின் 'போன்' இதனை மேலும் தெளிவாக்கும். 1991 இல் சுயவெளியீடாகத் தொடங்கிய அக்கதை, இடையில் 'இமேஜ்' நிறுவனத்தின் பெயரில் வந்து, மீண்டும் ஆசிரியரின் சொந்தப் பெயருக்கே திரும்பியது. வெளியீட்டாளர் மாறியபோதெல்லாம் கதையின் வகையும் மாறிற்று எனல் பொருந்தாது.

இவ்விதழ்களிற் பல கறுப்பு வெள்ளையில் அமைந்தமை ஒரு பொதுப்பண்பன்றோ எனச் சிலர் வினவலாம். அது பெரும்பாலும் அச்சுச்செலவு விதித்த எல்லையே. தன்வரலாற்றுச் சித்திரக்கதை சுயவெளியீட்டில் வளம் பெற்றது உண்மை. ஆயினும் அது பின்னர் பெரும் பதிப்பகங்களிலும் தழைத்தது. ஆகவே தன்வரலாறு ஒரு வகை. சுயவெளியீடு அதற்கு வாய்த்த ஒரு நாற்றுமேடை.

சுயவெளியீடு என்பது படைப்பாளிக்கும் அவனது உழைப்பின் பயனுக்கும் இடையிலான உறவைக் குறிப்பது. அதனை இலக்கிய வகையெனக் கொள்வோமாயின், சீகலும் ஷஸ்ரரும் இழந்த உரிமை பற்றிய வினா வெறும் நடைபற்றிய வினாவாகச் சுருங்கிவிடும். உரிமை யாருடையது என்பதே இவ்வரலாறு எழுப்பும் முதன்மையான கேள்வி. வகைப்படுத்துவோர் அதனை மறத்தலாகாது.