பழுது ‘சரிசெய்யப்பட்டது’ என்று தகவல் வருகிறது... உண்மையிலேயே சரியாகிவிட்டதா?

உங்கள் புளோக்கில் எட்டாவது மாடிப் படிக்கட்டு விளக்கு எரியவில்லை. கைப்பேசியில் படம் எடுத்து ஒன்சர்வீஸ் செயலி வழியாக அனுப்புகிறீர்கள்.

உடனே ஒரு குறிப்பு எண் வருகிறது. சில நாள் கழித்து, புகார் கவனிக்கப்பட்டது என்று தகவலும் வருகிறது.

மேலே போய்ப் பார்த்தால் பெரும்பாலும் விளக்கு எரியும். சில வேளைகளில் எரியாது. “அப்போ எதைத்தான் கவனிச்சாங்க?” என்று கேட்கத் தோன்றும்.

கேட்க வேண்டிய கேள்விதான். பதில் வேண்டுமென்றால் அந்தக் குறிப்பு எண்ணுக்குப் பின்னால் நடக்கும் வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

புகார் வேறு, பணி ஆணை வேறு

நீங்கள் அனுப்பியது புகார். அதை வைத்து யாரும் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடியாது.

“லிஃப்ட்ல ஏதோ சத்தம் வருது” என்று எழுதுகிறீர்கள் என வைத்துக்கொள்வோம். எந்த புளோக்? அங்கே இரண்டு மின்தூக்கி இருந்தால் எது? கதவு மூடும்போது சத்தமா, மேலே போகும்போதா? பழுதுபார்ப்பது எந்த நிறுவனம்? இன்றே போக வேண்டுமா, வழக்கமான பராமரிப்பு நாள்வரை பொறுக்கலாமா?

இவற்றுக்கெல்லாம் பதில் நிரப்பி, ஒருவர் பெயரில் ஒரு வேலையை ஒப்படைக்கும் பதிவுதான் பணி ஆணை. வேலையிடத்தில் எல்லாரும் ‘வொர்க் ஆர்டர்’ என்றுதான் சொல்வார்கள்.

ஒரு காலத்தில் இது கார்பன் தாள் வைத்த புத்தகம். மேல் தாள் அலுவலகத்துக்கு, அடுத்தது குத்தகையாளருக்கு. வேலை முடிந்ததும் கையெழுத்து, பிறகு கோப்பில் அடக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே இடத்தில் என்ன பழுது வந்தது என்று தேடினால் ஒரு நாள் போய்விடும்.

இப்போது அந்த வேலையை மென்பொருள் பார்க்கிறது. இந்தத் துறையில் நன்கு அறியப்பட்ட ஒன்று மேக்சிமோ. அதை உருவாக்கி விற்றுவந்த நிறுவனத்தை ஐபிஎம் 2006இல் வாங்கியது. கைப்பேசியில் மட்டும் இயங்கும் சிறிய செயலிகளும் நிறைய உண்டு. பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: எந்தச் சாதனம், என்ன பழுது, யார் பொறுப்பு, எப்போது தொடங்கினார், எப்போது முடித்தார், எந்த உதிரிபாகம் மாற்றினார்.

முதல் சிக்கல்: இது யாருடைய வேலை?

2014 தேசிய தினப் பேருரையில் அப்போதைய பிரதமர் லீ சியென் லூங் சொன்ன மீன் உருண்டைக் குச்சிக் கதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கலாம். நடைபாதைப் பக்கம் கிடக்கும் ஒரு குச்சி. அது எந்தப் பக்கம் கிடக்கிறது என்பதைப் பொறுத்து அதைச் சுத்தம் செய்ய வேண்டிய அமைப்பு மாறும். அந்தச் சின்ன இடத்துக்கு மூன்று அமைப்புகள் பொறுப்பு!

அதே ஆண்டு அக்டோபரில் நகராட்சிச் சேவைகள் அலுவலகம் அமைக்கப்பட்டது. 2015 ஜனவரியில் ஒன்சர்வீஸ் செயலி வந்தது. 2021இல் வாட்ஸ்அப், டெலிகிராம் வழி பேசும் ‘காக்கி’ எனும் உரையாடல் மென்பொருளும் வந்து சேர்ந்தது.

யாருடைய வேலை என்று நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டாம், சொன்னால் போதும், உரியவரிடம் போய்ச் சேரும் என்பதே இவற்றின் நோக்கம்.

ஆனால் செயலி உங்கள் புகாரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் தபால்காரர் மாதிரி. விளக்கை மாற்றுவது அதன் வேலை இல்லை. வீவக புளோக்கின் படிக்கட்டு, தாழ்வாரம், மின்தூக்கி போன்ற பொது இடங்களுக்கு நகர மன்றம் பொறுப்பு. அங்கே போன பிறகுதான் பணி ஆணை உருவாகிறது.

யாரும் புகார் சொல்லாத வேலைகள்

பணி ஆணை என்றாலே பழுதுபார்ப்பு என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டுப்போன பிறகு சரிசெய்வது ஒரு வகை. கெடாமல் இருக்கப் பார்த்துக்கொள்வது இன்னொரு வகை. இரண்டாவதை யாரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் அது ஒழுங்காக நடந்தால் எதுவுமே நடக்காது.

மின்தூக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டட, கட்டுமான ஆணையத்தின் விதிப்படி, பதிவுபெற்ற குத்தகையாளர் மாதம் ஒரு முறையாவது அதைப் பராமரிக்க வேண்டும். 2016 ஜூலையிலிருந்து ஒவ்வொரு மின்தூக்கிக்கும் இயக்க அனுமதி தேவை. அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அந்த அனுமதியை மின்தூக்கிக்குள்ளேயே பார்க்கலாம். எப்போதாவது அதன் தேதியைப் பார்த்திருக்கிறீர்களா?

வீவக பேட்டைகளில் 20,000க்கும் அதிகமான மின்தூக்கிகள் இருக்கின்றன. மாதம் ஒரு முறை என்றால் ஆண்டுக்குக் குறைந்தது 240,000 பராமரிப்புப் பணிகள், மின்தூக்கிகளுக்கு மட்டும். தண்ணீர் பம்பு, தீயணைப்புக் குழாய், வடிகால், விளக்கு எல்லாம் தனி.

இதை யாரும் மனத்தில் வைத்துக்கொள்ள முடியாது. தேதி வந்ததும் மென்பொருள் தானாகவே பணி ஆணையை உருவாக்கி ஊழியரின் கைப்பேசிக்கு அனுப்பிவிடும். மறந்துபோச்சு என்று சொல்ல வழியில்லை.

ஒரே விளக்கு, நான்கு முறை

பழைய பணி ஆணைகளைச் சேர்த்துவைப்பதில்தான் மென்பொருளின் உண்மையான பலன் இருக்கிறது என்பேன்.

அதே எட்டாவது மாடி விளக்குக்குத் திரும்புவோம். ஜனவரியில் விளக்கு மாற்றப்பட்டது. ஏப்ரலில் மீண்டும் பழுது, இன்னொரு விளக்கு. ஜூலையிலும் அக்டோபரிலும் அதே கதை. நான்கு முறையும் வெவ்வேறு ஊழியர் வந்தார். நான்கு பேரும் தங்கள் வேலையைச் சரியாகவே செய்தார்கள். நான்கு பணி ஆணையும் குறித்த நேரத்தில் மூடப்பட்டன. அறிக்கையில் எல்லாம் பச்சை நிறம்.

நான்கையும் வரிசையாக வைத்துப் பார்க்கும் ஒருவருக்கு மட்டும் சந்தேகம் வரும். விளக்கு ஏன் மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை? மேலே போய்ப் பார்த்தால் ஒன்பதாவது மாடிச் சுவரில் ஈரம். மழைத் தண்ணீர் கசிந்து விளக்கின் பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது. அங்கே தேவைப்பட்டது புது விளக்கு இல்லை, கசிவை அடைக்கும் ஆள்.

அதனால்தான் நல்ல மென்பொருளில், என்ன செய்தீர்கள் என்று கேட்கும் கட்டத்துக்குப் பக்கத்தில் பழுதுக்கான காரணம் என்ன என்று கேட்கும் கட்டமும் இருக்கும். அவசரத்தில் பலர் அதில் ‘மற்றவை’ என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஐந்து நொடி மிச்சம். ஆனால் கசிவு வெளியே தெரிய இன்னும் ஓர் ஆண்டு ஆகலாம்.

ஊழியரை மட்டும் குறைசொல்லவும் முடியாது. இந்த வேலைகளைச் செய்வோரில் தமிழகத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்தவர்கள் பலர். ஏணியில் நின்றுகொண்டு, கையுறையைக் கழற்றி, சின்னத் திரையில் ஆங்கிலத்தில் காரணத்தை எழுது என்றால் யார்தான் எழுதுவார்? படத்தைத் தொட்டுத் தேர்ந்தெடுப்பது, தாய்மொழியில் குரல்வழி பதிவுசெய்வது போன்ற வசதி இருந்தால் விவரம் கூடுதலாகக் கிடைக்கும். மென்பொருள் வாங்குவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. பெரும்பாலும் கடைசியில்தான் கேட்கிறார்கள்.

கையெழுத்து இருந்தது, வேலை நடக்கவில்லை

பதிவு மட்டும் ஒழுங்காக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிங்கப்பூரில் மறக்க முடியாத உதாரணம் ஒன்று உண்டு.

2017 அக்டோபர் 7, சனிக்கிழமை. கனமழை. பீஷான் நிலையத்துக்கும் பிரேடல் நிலையத்துக்கும் இடைப்பட்ட ரயில் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்தது. வடக்கு-தெற்குப் பாதையின் ஒரு பகுதியில் 20 மணி நேரத்துக்கும் மேல் ரயில் ஓடவில்லை. தரைக்குக் கீழே ஓடும் ரயில் மழையால் நிற்பதா என்று பயணிகள் திகைத்துப்போனார்கள்.

மழைத் தண்ணீர் சுரங்கத்துக்குள் போகாமலிருக்க அங்கே ஒரு தேக்கக் குழி இருந்தது. தண்ணீர் மட்டம் ஏறும்போது மிதவை விசைகள் பம்புகளை இயக்க வேண்டும். அன்று விசைகள் வேலை செய்யவில்லை. பம்புகள் ஓடவில்லை. குழி நிரம்பி வழிந்தது.

பம்புகளைப் பராமரித்ததற்கான பதிவுகளைப் பார்த்தபோதுதான் அடுத்த அதிர்ச்சி. 2016 டிசம்பர், 2017 மார்ச், 2017 ஜூன் என மூன்று காலாண்டுப் பராமரிப்புகளும் முடிந்ததாகக் கையெழுத்து இருந்தது. ஆனால் அந்த வேலைகள் செய்யப்படவில்லை என்று விசாரணையில் தெரியவந்தது. ரயிலை இயக்கும் எஸ்எம்ஆர்டி நிறுவனத்துக்கு நிலப் போக்குவரத்து ஆணையம் 1.9 மில்லியன் வெள்ளி அபராதம் விதித்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பராமரிப்பு அட்டவணையில் தவறு இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்று சரியாகத்தான் இருந்தது. படிவமும் நிரப்பப்பட்டிருந்தது. அலுவலகத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு எல்லாம் நன்றாகத்தான் தெரிந்திருக்கும். குழிக்குப் பக்கத்தில் ஆள் போகவில்லை, அவ்வளவுதான்.

செயலி இருந்தால் பொய் சொல்ல முடியாதா?

கஷ்டப்பட்டுத்தான் சொல்ல முடியும். அதுவே ஒரு முன்னேற்றம்.

பம்பு மீது ஒட்டிய கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால்தான் பணி ஆணை திறக்கும்படி வைக்கலாம். அப்போது அங்கே போகாமல் வேலையைத் தொடங்க முடியாது. நேரம் தானாகப் பதிவாகும். ‘சரி’ என்று குறியிடுவதற்குப் பதிலாக ஓர் அளவைக் கேட்கலாம்: மிதவையைத் தூக்கியதும் எத்தனை நொடியில் பம்பு ஓடியது? வேலை செய்தவர் ‘முடிந்தது’ என்பார், வேறொருவர் சரிபார்த்த பிறகே ‘மூடப்பட்டது’ ஆகும். நல்ல மென்பொருளில் இந்த இரண்டும் தனித்தனி நிலைகள்.

சுற்றிப்போக வழி இல்லாமலா இருக்கும்? கியூஆர் குறியீட்டைப் படம் எடுத்துவைத்துக்கொண்டு அறையில் இருந்தபடியே ஸ்கேன் செய்யலாம். போன மாதப் படத்தையே இந்த மாதமும் போடலாம். சரிபார்ப்பவர் ஐம்பது ஆணைகளை ஒரே தட்டலில் ஏற்றுக்கொள்ளலாம்.

ஆகவே, முன்னறிவிப்பு இல்லாமல் நேரில் போய்ப் பார்க்கும் ஆள் இன்னமும் தேவை. பத்தில் ஒன்றைப் பார்த்தாலும் போதும். எந்த ஒன்று என்று தெரியாமல் இருக்க வேண்டும்.

இன்னொரு சங்கதி. எத்தனை ஆணைகள் குறித்த நேரத்தில் மூடப்பட்டன என்பதை வைத்து மட்டும் குத்தகையாளரை மதிப்பிட்டால் அவர் மூடுவதில் கெட்டிக்காரராகிவிடுவார். பாதி வேலையில் மூடிவிட்டு, நீங்கள் மறுபடி சொன்னால் புது ஆணை திறப்பார். கணக்கில் இரண்டு வெற்றி. அதே சாதனத்தில் அதே பழுது 30 நாளுக்குள் திரும்ப வந்ததா என்றும் கேட்டால் இந்த வித்தை எடுபடாது.

நீங்கள் சொல்வது எப்படி உதவும்?

முதலில் ஓர் எச்சரிக்கை. மின்தூக்கிக்குள் மாட்டிக்கொண்டால் செயலியைத் தேட வேண்டாம். அபாய மணியை அழுத்துங்கள், உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணை அழையுங்கள். அவசரப் பராமரிப்புப் பிரிவு 24 மணி நேரமும் இயங்கும்.

மற்ற பழுதுகளுக்கு இடத்தைத் துல்லியமாகச் சொல்லுங்கள். புளோக் எண், மாடி, எந்த மின்தூக்கி, எந்த வீட்டு எண்ணுக்கு அருகில் என்பது வரை. இரண்டு படம் எடுங்கள். ஒன்று பழுதைக் கிட்டத்தில், இன்னொன்று சுற்றுப்புறம் தெரியும்படி சற்றுத் தள்ளி. எல்லாப் படிக்கட்டும் ஒரே மாதிரி இருப்பதால் கிட்டத்தில் எடுத்த படம் மட்டும் வந்தால் ஊழியர் தேடியே களைத்துவிடுவார்.

எப்போது நடக்கிறது என்பதையும் எழுதுங்கள். ‘மழை பெய்தால் மட்டும் விளக்கு அணைகிறது’ என்ற ஐந்து வார்த்தை, நான்கு விளக்குகளின் செலவை மிச்சப்படுத்தும்.

சரிசெய்யப்பட்டது என்று தகவல் வந்தால் ஒரு நடை போய்ப் பாருங்கள். சரியாகவில்லை என்றால், அல்லது சரியாகி மறுபடி கெட்டால், புதிதாகச் சொல்லும்போது பழைய குறிப்பு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். ‘இது மூன்றாவது முறை’ என்று எண்களோடு வரும் புகாரை இன்னொரு புது விளக்கு போட்டு மூடுவது அவ்வளவு எளிதல்ல.