பிரசவ அறைக்குள் ஓர் ஆள்

2020 மார்ச். நியூயார்க்கில் இருக்கும் மகளுக்கு ஏப்ரலில் பிரசவம், தலைப்பிரசவம். என் மனைவி பிரசவ லேகியம், அங்காயப் பொடி எல்லாம் செய்து பெட்டியும் கட்டிவிட்டாள். மார்ச் 22-இல் சர்வதேச விமானங்கள் நின்றன. பெட்டி கட்டிலுக்கு அடியில் போயிற்று.

மாப்பிள்ளையாவது கூட இருக்கிறாரே என்று தேற்றிக்கொண்டோம். அதிலும் மண் விழுந்தது. அதே வாரத்தில் அந்த நகரின் சில பெரிய மருத்துவமனைகள், பிரசவ அறைக்குள் கணவர் உட்பட யாரும் வரக்கூடாது என்று அறிவித்துவிட்டன. அவர்கள் பயத்திலும் நியாயம் இருந்தது. மார்ச் 22 முதல் ஏப்ரல் 4 வரை அங்கே இரண்டு மருத்துவமனைகளில் பிரசவித்த 215 பேரில் 33 பேருக்குத் தொற்று. அதில் 29 பேருக்கு, வந்து சேர்ந்தபோது எந்த அறிகுறியும் இல்லை. முகக்கவசத்துக்கோ பஞ்சம்.

ஆனால் மகள் போனில் சொன்னது வேறு. "கொரோனாகூட பயமா இல்லம்மா. வலி எடுக்கறப்போ தனியா கிடக்கணுமேன்னுதான் தூக்கமே வரல."

இது வெறும் செல்லம் இல்லை. குவாத்தமாலாவில் நடந்த ஓர் ஆய்வு 1980-இல் வெளிவந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண், பிரசவ வலியில் இருப்பவளின் பக்கத்தில் உட்கார்ந்து, முதுகைத் தடவி, பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். தனியாக இருந்தவர்களுக்கு மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து சராசரியாக 19.3 மணி நேரம் ஆன பிரசவம், இவர்களுக்கு 8.8 மணி நேரத்தில் முடிந்தது! நம் அரசு மருத்துவமனைகளில்கூட, உடன் ஒரு பெண் துணை இருக்கலாம் என்ற திட்டம் 2004-லேயே வந்துவிட்டது. பாட்டிமார்களிடம் கேட்டிருந்தால் ஆய்வே தேவைப்பட்டிருக்காது என்பது என் மனைவியின் கட்சி.

நியூயார்க் கர்ப்பிணிகள் சும்மா இருக்கவில்லை. இணைய மனுவில் லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். மார்ச் 28-இல் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ, மாநிலத்தின் எந்த மருத்துவமனையும் பிரசவத்துக்கு ஒரு துணையை அனுமதித்தே ஆகவேண்டும் என்று உத்தரவு போட்டார். ஏப்ரல் கடைசியில், 'டூலா' எனப்படும் பிரசவத் துணைப் பெண்களும் அத்தியாவசியப் பணியாளர்கள் என்று தெளிவாக்கினார்கள்.

உத்தரவு வந்த அன்று இரவு மகள் எட்டு மணி நேரம் தூங்கினாளாம்.

பேரன் பிறந்தபோது மாப்பிள்ளை உள்ளே இருந்தார். லேகியத்துக்கு என் மனைவி போனிலேயே அளவு சொல்ல, அவர்தான் கிண்டினார். கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டதாகக் கேள்வி.