எந்த வீட்டுப் பெண்?

'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்ற வசைக்குச் சென்னையில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நம் சினிமாவின் நகைச்சுவைக் காட்சிகள் பல பத்தாண்டுகளாக அதை வளர்த்துவந்திருக்கின்றன. ஊர்ப்பெயர் வசையானதற்குக் காரணம் அங்குள்ள அரசு மனநலக் காப்பகம். அதன் தொடக்கம் 1794. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் வேலண்டைன் கொனோலி சென்னையில் நடத்திய பைத்தியக்கார விடுதிதான் அதன் முன்னோடி. 1871இல் அது கீழ்ப்பாக்கத்தின் லோகாக் தோட்டத்துக்கு வந்தது.

1912ஆம் ஆண்டின் இந்தியப் பைத்தியச் சட்டம் தெருவில் திரிபவர்களுக்கு ஒரு பெயர் வைத்திருந்தது: 'அலைந்து திரியும் பைத்தியம்'. அப்படிப்பட்டவரைக் காவலர் பிடிக்கலாம், பிடித்தால் நடுவர் முன் நிறுத்த வேண்டும். சட்டம் ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. ஊர் பிரித்துத்தான் பார்த்தது. தாடி வளர்த்துத் திரியும் ஆணைச் சித்தர் என்று சொல்லச் சிலராவது கிடைப்பார்கள். டீக்கடையில் ஒரு பன்னும் கிடைக்கும். அலைதல் ஆணுக்குத் துறவாகவும் தேடலாகவும் இருக்கலாம் என்று நம் மரபு ஒப்புக்கொண்டிருக்கிறது. கணவன் விலகிப்போன பிறகு தனியே நடக்கக் காரைக்கால் அம்மையாருக்குப் பேயுரு தேவைப்பட்டது. தெருவில் திரியும் பெண்ணைப் பார்த்ததும் எழும் முதல் கேள்வி அவளுடைய நோயைப் பற்றியதாக இருப்பதில்லை. எந்த வீட்டுப் பெண் என்றுதான் கேட்பார்கள். காவல் நிலையமும் மருத்துவமனையும் நீதிமன்றமும் அதையே வேறுவேறு படிவங்களில் கேட்டன. இந்தக் கேள்விக்கு வேறு விடை தேடிய பெண்களின் வரலாறு, நான் வாழும் சென்னையின் மேற்குப் புறநகரோடு நெருங்கிய தொடர்புடையது. நம் பெண்ணிய வரலாறுகளில் அதற்கு ஒரு பத்திகூடக் கிடைத்ததில்லை.

கதையை மருத்துவர் எம். சாரதா மேனனிலிருந்து தொடங்கலாம். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுபவர். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தார். அந்தப் பொறுப்புக்கு ஒரு பெண் வந்தது அதுவே முதல் முறை. அடைத்துவைக்கும் இடமாக இருந்ததை வந்துபோகும் இடமாகவும் மாற்ற முயன்றார். புறநோயாளர் பிரிவும், வேலை கற்றுத்தரும் மறுவாழ்வுப் பிரிவும் அவர் காலத்தில் வலுப்பெற்றன. குணமான பிறகும் போக இடமில்லாதவர்களை அன்றாடம் பார்த்தவர் என்பதால், ஓய்வுபெற்ற பின் 1984இல் 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தை நிறுவினார். அது பின்னாளில் பூந்தமல்லிக்கு அருகே திருவேற்காட்டில் ஒரு தங்கும் இல்லத்தையும் நடத்தியது. திருவேற்காடு என்றால் கருமாரியம்மன் கோயில் மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. சாமியாடும் பெண்ணை ஊர் கும்பிடும், அதே பெண் வீட்டில் ஆடினால் கட்டிப்போடும் என்பதை அந்தக் கோயில் வாசலிலேயே நின்று யோசிக்கலாம்.

மருத்துவர் பெயர் வரலாற்றில் நின்றுவிடுகிறது. சமூகப்பணியாளர் பெயர் நிற்பதில்லை. 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னை சமூகப்பணிக் கல்லூரியைத் தொடங்கியபோது, இது படித்துப் பெறவேண்டிய தொழில் என்ற எண்ணமே இங்கே புதிது. சேவை என்றால் வசதியான வீட்டுப் பெண்களின் ஓய்வுநேரப் புண்ணியம் என்றுதான் கருதப்பட்டது. அந்தக் கருத்து இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. 'சேவைதானே, சம்பளம் எதற்கு?' என்று என் மாணவிகளிடம் கேட்கும் தந்தையர் இருக்கிறார்கள்.

1993ஆம் ஆண்டுக்கு இந்த வரலாற்றில் தனியிடம் உண்டு. 1912இன் சட்டத்தை நீக்கி, 'பைத்தியம்' என்ற சொல்லையும் நீக்கிய மனநலச் சட்டம் 1987இல் இயற்றப்பட்டாலும், நடைமுறைக்கு வந்தது 1993 ஏப்ரலில்தான். அதே ஆண்டில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற, இருபதுகளின் தொடக்கத்திலிருந்த இரு பெண்கள் 'தி பான்யன்' அமைப்பைத் தொடங்கினார்கள். பான்யன் என்றால் ஆலமரம். தெருவில் அரைகுறை ஆடையுடன் துயரப்பட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணை அவர்கள் பார்த்தார்கள், சேர்த்துக்கொள்ள இடம் தேடி அலைந்தார்கள், எந்தக் கதவும் எளிதில் திறக்கவில்லை. அந்த அலைச்சலிலிருந்து பிறந்த அமைப்பு அது. வீடற்ற, மனநோயுற்ற பெண்களுக்கான அதன் இல்லம் அம்பத்தூரை ஒட்டிய முகப்பேரில் அமைந்தது. பெயர் 'அடைக்கலம்'.

தமிழ் படித்தவளுக்கு அந்தப் பெயரைச் சும்மா கடந்துபோக முடியாது. சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே அடைக்கலக் காதை என்று பெயர். மதுரையின் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை ஒப்படைப்பது உறவுக்காரர் யாரிடமும் அல்ல. மாதரி என்னும் இடையர்குல மூதாட்டியிடம் ஒப்படைக்கிறார். துறவியான ஒரு பெண், முன்பின் அறியாத ஒருத்தியை, மோர் விற்றுப் பிழைக்கும் இன்னொருத்தியை நம்பி விட்டுச்செல்கிறார். இரத்த உறவு குறுக்கே வராத இந்த ஒப்படைப்பை நாம் போதுமான அளவு பேசியதில்லை. அடைக்கலப் பொருளைக் காக்க முடியாமற்போன மாதரி பின்னர் தீயில் விழுந்து இறக்கிறாள். கண்ணகிக்குக் கோயில் எழுந்தது. பார்த்துக்கொண்டவளின் சாவு நூலில் சில அடிகளோடு முடிந்துபோகிறது.

அடைக்கலம் போன்ற இல்லங்களில் ஒரு சமூகப்பணிக் குழு செய்யும் வேலை என்ன? என்னிடம் இளங்கலைத் தமிழ் படித்து, பிறகு சமூகப்பணியில் முதுகலை முடித்த மாணவி ஒருத்தி, மேற்குப் புறநகரில் இத்தகைய இல்லமொன்றில் குழுத் தலைவியாக இருக்கிறாள். முதல் வேலை குளிப்பாட்டுவதும் புண்ணுக்கு மருந்திடுவதும் என்று அவள் சொல்வாள். சடையை வெட்டுவதற்குக்கூட அந்தப் பெண்ணின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டும். நோய் ஒன்றாக வருவதில்லை. மனச்சிதைவோடு இரத்தசோகை, சர்க்கரை, காசநோய் எல்லாம் சேர்ந்திருக்கும். சிலருக்கு வயிற்றில் குழந்தை இருக்கும், அதைப் பற்றி அவர்களால் எதுவும் சொல்ல முடியாது. மனநல மருத்துவர், செவிலியர், சமூகப்பணியாளர், இரவு முழுக்க உடனிருக்கும் பராமரிப்புப் பெண் என எல்லாரும் ஒரே பெண்ணை வேறுவேறாகப் பார்ப்பார்கள். அவர்களை உட்காரவைத்து, யார் சொல்வதை இன்று முதலில் கேட்பது என்று முடிவுசெய்வதுதான் தலைவியின் வேலை. பெரும்பாலும் இரவில் உடனிருந்தவள் சொல்வதுதான் சரியாக இருக்கும் என்கிறாள் என் மாணவி. கூட்டத்தில் கடைசியாகப் பேச வைக்கப்படுபவளும் அவள்தான்.

பிறகு ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும். பெயரே சொல்லாத பெண்ணிடமிருந்து ஊர் எப்படிக் கிடைக்கும்? பேச்சிலிருந்துதான். ஒருத்தி 'ஏலா' என்று கூப்பிட்டால் தெற்கே திருநெல்வேலிப் பக்கம் யோசிக்கலாம். 'ஏனுங்க' என்றால் கொங்கு. தெலுங்கு கலந்த தமிழ் என்றால் திருத்தணிக்கு அப்பால் போகலாம். வங்காளமோ போஜ்புரியோ பேசினால் அந்த மொழி தெரிந்தவரைத் தேட வேண்டும். சென்னையின் இரயில் நிலையங்களுக்கு இந்தியாவின் எல்லா மொழிகளும் வந்திறங்குகின்றன. வீட்டுக்குப் பின்னால் ஓடிய வாய்க்கால், திருவிழாவில் கேட்ட சாமி பெயர், சீட்டு பிடித்த அக்காவின் கடை என்று உதிரியாக வருவதையெல்லாம் நோட்டில் எழுதி வைக்கிறார்கள். வட்டார வழக்கு பற்றி நான் வகுப்பில் நடத்தியது தேர்வுக்குப் பிறகு பயன்பட்டது இங்கே மட்டும்தான் என்று என் மாணவி சிரித்தாள். எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வாய்க்கப்போவதில்லை.

ஊர் கிடைத்தால் வீட்டுக்கு அழைத்துச் செல்வார்கள். இத்தகைய அமைப்புகளின் தொடக்க ஆண்டுகளில் வெற்றி என்பதன் அளவுகோல் அதுதான்: எத்தனை பெண்கள் குடும்பத்தோடு சேர்ந்தார்கள். அந்த அளவுகோலில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருந்தது. வீடு காத்திருக்கிறது, பெண்தான் வழிதவறிவிட்டாள் என்ற நம்பிக்கை அது. உண்மையில் பல வீடுகள் காத்திருக்கவில்லை. கணவனுக்கு இன்னொரு திருமணம் ஆகியிருக்கும். அண்ணன் மனைவிக்கு இவளைச் சமாளிக்க முடியாது, அதை நாம் குற்றமாகவும் சொல்ல முடியாது. பராமரிப்பு முழுதும் அவள் தலையில்தான் விழும். ஸ்கார்ஃபைச் சேர்ந்த ஆர். தாராவும் உடன் ஆய்வாளர்களும் மணவாழ்க்கை முறிந்த, மனச்சிதைவு கொண்ட பெண்களைப் பற்றி வெளியிட்ட 2003ஆம் ஆண்டு ஆய்வு இங்கே முக்கியமானது. நோயின் களங்கத்தைவிட 'வாழாவெட்டி' என்ற களங்கத்தையே அந்தப் பெண்களும் பெற்றோரும் அதிகமாக உணர்ந்தார்கள் என்று அது கண்டது.

சட்டமும் கணவனுக்கு ஒரு கதவைத் திறந்துவைத்திருந்தது. இந்துத் திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவு மனநோயை மணமுறிவுக்கான காரணங்களுள் ஒன்றாக வைத்திருக்கிறது. எழுத்தில் அது கணவன், மனைவி இருவருக்கும் பொது. 1988இல் ராம் நாராயண் குப்தா வழக்கில், மனைவிக்கு மனச்சிதைவு என்று சொல்லி மணமுறிவு கேட்ட கணவனின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளியது. நோயின் பெயர் மட்டும் போதாது, சேர்ந்து வாழவே முடியாத அளவுக்கு அது தீவிரமானது என்று நிரூபிக்க வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் நீதிமன்றத்துக்கே போகாமல் மனைவியை ரயிலில் ஏற்றிவிடும் கணவனை எந்தத் தீர்ப்பும் எட்டுவதில்லை.

குடும்பமே பாதுகாப்பு என்பவர்களுக்கு ஏர்வாடியை நினைவூட்ட வேண்டும். 2001 ஆகஸ்டு 6 அதிகாலை, ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகக் கொட்டகை எரிந்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் தெருவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள் அல்லர். அவர்களுக்குக் குடும்பம் இருந்தது, முகவரி இருந்தது. குடும்பம்தான் கொண்டுவந்து விட்டது.

வீட்டுக்குப் போக முடியாதவர்கள் இல்லத்திலேயே ஆண்டுக்கணக்கில் தங்கினார்கள். அடைக்கலம் தற்காலிகத் தங்கலாகத்தான் எண்ணப்பட்டது. நல்ல மனிதர்கள் நடத்தினாலும் நிறுவனம் நிறுவனம்தான். மணியடித்தால் சாப்பாடு, யாரோ தேர்ந்தெடுத்த சேலை, ஒரே நேரத்தில் அணையும் விளக்கு. 2015இல் தி பான்யன் 'ஹோம் அகெய்ன்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. நான்கைந்து பேர் சேர்ந்து சாதாரணக் குடியிருப்பில் வாடகை வீடெடுத்து வாழ்வார்கள். உடன் ஒரு துணைப் பணியாளர் இருப்பார். சமூகப்பணியாளர் வந்து பார்த்துப் போவார். என்ன சமைப்பது, எப்போது தூங்குவது என்பதெல்லாம் அவர்கள் முடிவு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட சமூக மனநலச் சேவை வழிகாட்டியில் உலகளவில் நல்ல முன்மாதிரிகளுள் ஒன்றாக இது இடம்பெற்றது.

சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. சென்னையில் வீடு தேடியவர்களுக்குத் தெரியும், வாசலில் தொங்கும் அட்டை என்ன சொல்லுமென்று: 'ஃபேமிலிக்கு மட்டும்'. தனியாக வாழும் பெண்களுக்கே வீடு கிடைக்காத ஊரில், உறவில்லாத நான்கு பெண்கள், அதிலும் மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள். என் மாணவியின் குழுவும் இப்படி வீடு தேடியிருக்கிறது. மருத்துவப் படிப்பில் சொல்லித்தராத வேலை இது. வீட்டுக்காரம்மாவோடு காபி குடித்துப் பேச வேண்டும், எதிர்வீட்டுக்காரரின் புகாரைக் கேட்க வேண்டும், பொய் சொல்லாமலும் நோயை விளம்பரப்படுத்தாமலும் பேசத் தெரிய வேண்டும். அடுக்களையில் கத்தி வைக்கலாமா என்று அவள் குழுவில் ஒருநாள் முழுக்க விவாதம் நடந்ததாம். காய் நறுக்கக் கத்தியில்லாத வீடு வீடா என்று அங்கே குடிபோகவிருந்த பெண் ஒருத்தி கேட்டதோடு விவாதம் முடிந்தது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 19ஆம் பிரிவை மாணவிகள் ஒருமுறையாவது படிக்க வேண்டும். குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்பதற்காக மட்டுமே ஒருவரை மனநல நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது என்கிறது அது. கைவிடப்பட்டவருக்குக் குடும்ப வீட்டில் வாழும் உரிமையைப் பெற்றுத்தர அரசு சட்ட உதவி உள்ளிட்ட ஆதரவைத் தர வேண்டும் என்கிறது. சமூகத்துக்குள்ளேயே குழு இல்லங்கள் அமைய அரசு வழிசெய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த இல்லங்களில் இரவுபகலாக உடனிருக்கப்போகும் பெண்களின் கூலியையும் ஓய்வையும் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்கூட இல்லை. மாதரியைப் பற்றி நான் மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான். அடைக்கலம் கொடுப்பவளுக்கு என்ன ஆகிறது என்று கேட்காத கருணை, நம் புறநகர்களில் ஏராளமான பெண்களின் முதுகெலும்பை வளைத்துக்கொண்டிருக்கிறது.

2019 ஏப்ரல் 18, நாடாளுமன்றத் தேர்தல். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்குள்ளேயே வாக்குச்சாவடி அமைத்து, அங்கே தங்கியிருந்தவர்களில் 150க்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டுமென்றால் முகவரி வேண்டும். அவர்களுக்கு அந்த மருத்துவமனையே முகவரியாக இருந்தது.