பொன் வேண்டாத கல்

அக்கா மகளுக்கு நிச்சயதார்த்த மோதிரம் எடுக்கக் கோவையில் ஒரு நகைக்கடைக்குப் போயிருந்தோம். தங்கமும் வேண்டாம், வைரமும் வேண்டாம் என்று அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள். அவளுக்குப் பிடித்தது சாம்பல் நிற டைட்டானியம் வளையத்தில் பதித்த இளநீல அக்வாமரைன். “டைட்டானியத்தைப் பின்னாடி பெரிசு சின்னதாக்க முடியாதுங்க, அளவை இப்பவே சரியாப் பார்த்துக்கங்க” என்று கடைக்காரர் இரண்டு தடவை சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். “இதுதாம்மா அந்தக் காலத்து வைடூரியம்” என்று சொல்லித் தொலைத்தேன். அம்மா முகம் மாறிவிட்டது.

“ஏன்டா, கேது கல்லையா நிச்சயத்துக்குப் போடறது?”

அம்மா சொன்னதில் தப்பில்லை. இன்று எந்தக் கடையில் வைடூரியம் கேட்டாலும் தேன் நிறத்தில், நடுவே வெள்ளைக் கோடு ஓடும் பூனைக்கண்ணைத்தான் எடுத்து வைப்பார்கள். நவரத்தினத்தில் அது கேதுவுக்கு உரியது. ஆனால் அந்தப் பெயர் கப்பலேறி மேற்கே போனபோது அதன் மடியில் இருந்தது வேறு கல்.

பாலியில் வேளுரிய. பிராகிருதத்தில் ளகரமும் ரகரமும் இடம் மாறி வேருலிய; நம் தசையும் சதையும்போல. அது கிரேக்கர் வாயில் பேரில்லோஸ் ஆனது, லத்தீனில் பெரில்லுஸ், ஆங்கிலத்தில் பெரில். மரகதமும் அக்வாமரைனும் பெரில் என்ற ஒரே கனிமத்தின் பிள்ளைகள். குரோமியம் கலந்தால் பச்சை, இரும்பு கலந்தால் கடல்நீலம். மாங்கனீசு கலந்த இளஞ்சிவப்புக் கல்லுக்கு அமெரிக்க வங்கி அதிபர் ஜே.பி. மார்கனின் பெயரை வைத்து மார்கனைட் என்றார்கள். மணப்பெண்கள் வைரத்துக்குப் பதிலாகத் தேடும் கற்களில் அதுவும் ஒன்று.

வேளுரிய எங்கிருந்து வந்தது? வெளிறுதல் என்ற பொருள்படும் திராவிட வேரிலிருந்து என்பார்கள் சிலர். வேளூர் என்ற ஊர்ப்பெயரிலிருந்து என்பார்கள் வேறு சிலர். கர்நாடகத்துப் பேலூரைக் காட்டுவதும் உண்டு. எனக்கு ஊர்ப்பெயர்தான் சரியாகப் படுகிறது. காரணம், சமஸ்கிருத இலக்கணம் எழுதிய பாணினியே அதை ஊர்ப்பெயராகத்தான் பார்க்கிறார். விதூரத்திலிருந்து வருவது வைதூரியம் என்பது அவர் சூத்திரம். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அதற்கு உரை எழுதிய பதஞ்சலி அங்கே ஒரு முட்டுக்கட்டை போட்டார்: கல் கிடைப்பது விதூரத்தில் இல்லையே, வாலவாய மலையில் அல்லவா, விதூரத்தில் பட்டை தீட்டுகிறார்கள், அவ்வளவுதானே? இலக்கண நூலில் வந்து புகுந்த கடைத்தெரு வழக்கு இது. கல்லுக்குப் பெயர் கொடுப்பது பெரும்பாலும் விற்ற ஊர்தான், வெட்டிய ஊர் அல்ல. கொல்லூர் சுரங்கத்து வைரம் கோல்கொண்டா வைரம் ஆயிற்று. பாரசீகத்துப் பச்சைநீலக் கல், துருக்கி வழியே வந்ததால் ஐரோப்பாவில் டர்க்காய்ஸ் ஆயிற்று.

எங்கள் பக்கத்தில் அந்த வெட்டிய ஊர் ஒன்று இருக்கிறது. காங்கேயத்தை அடுத்த படியூர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட அங்கே நீலப் பெரில் தோண்டினார்கள். நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் அகழாய்வு செய்தவர்களுக்குப் பெரில், பளிங்கு, சூதுபவளம் எல்லாம் அறுத்துத் துளையிட்ட பட்டறைகளின் மிச்சம் கிடைத்தது. செய்து முடித்த மணிகளோடு பாதி வேலையில் நின்றுபோன மணிகளும் இருந்தன. கொங்கு நாட்டில் ரோமானியக் காசு குடம் குடமாகக் கிடைத்ததற்கு இந்தக் கற்களும் ஒரு காரணம்.

காசு கொடுத்த தரப்பின் சாட்சி, கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலைச் சீற்றத்தின்போது இறந்த மூத்த பிளினி. பெரில் இந்தியாவில்தான் கிடைக்கிறது, வேறிடங்களில் அபூர்வம் என்றும், தெளிந்த கடலின் பச்சை கொண்டதே உயர்ந்தது என்றும் எழுதிவைத்தார். நிறமூட்டிய பளிங்கைப் பெரில் என்று தள்ளிவிடும் நம்மவர் கைவரிசையையும் அவர் விடவில்லை. இந்தியர்கள் நீளமான பெரிலுக்கு ஆசைப்படுவார்கள், மணிகளிலேயே பொன் வேண்டாம் என்று சொல்வது இது ஒன்றுதான் என்பார்கள், அதனால் துளையிட்டு யானை முடியில் கோத்துக்கொள்வார்கள் என்பதும் அவர் தரும் செய்தி. யானை முடி மோதிரம் போட்ட கைகளை நானே பார்த்திருக்கிறேன். இப்போது அதை விற்பது சட்டப்படி குற்றம்.

மேற்கே போன பெயர் அங்கேயே குடும்பம் பெருக்கியது. தெளிந்த பெரிலை எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கல்லாகத் தேய்த்ததால், ஜெர்மன் மொழியில் மூக்குக்கண்ணாடிக்கே பிரில்லெ என்று பெயர். வைரத்துக்குப் பேர்போன பட்டைக்கு பிரில்லியன்ட் என்கிறோமே, அதுவும் இந்த வேர்தான் என்று சொல்லும் அகராதிக்காரர்கள் உண்டு, எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. 1798இல் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லேன் பெரிலிலும் மரகதத்திலும் ஒரே புதுத் தனிமம் இருப்பதைக் கண்டார். அதன் உப்பு இனித்ததால் முதலில் இனிப்பின் பெயரையே வைத்தார்கள், பிறகுதான் பெரிலியம் நிலைத்தது. நல்லவேளை, நக்கிப் பார்க்கும் பழக்கமும் அதோடு போயிற்று, அது நஞ்சு.

ஊரில் தங்கிய பெயரோ கல்லை மாற்றிக்கொண்டது. சிலப்பதிகாரம் மதுரை மணிக்கடைத் தெருவைக் காட்டும் ஊர்காண் காதையிலேயே வைடூரியம் தேன் நிறம். அது மஞ்சள் பெரிலாகவும் இருக்கலாம், இலங்கையிலிருந்து வந்த பூனைக்கண்ணாகவும் இருக்கலாம். இதில் வேடிக்கை, பூனைக்கண்ணின் கனிமப் பெயர் கிரைசோபெரில். ‘பொன் பெரில்’ என்று கிரேக்கச் சொற்களைக் கொண்டு கட்டிய பெயர். கனிமத்தால் பெரிலே இல்லாத கல் அது. பெரிலியம் மட்டும் இரண்டுக்கும் பொது. ஆனால் பெயரைப் பிரித்தால் உள்ளே நம் வேளுரிய உட்கார்ந்திருக்கிறது.

இவ்வளவையும் நகைக்கடையில் நின்றுகொண்டு சொல்ல முடியவில்லை. கடைக்காரர்தான் காப்பாற்றினார்: “அம்மா, இது வைடூரியம் இல்லீங்க, அக்வாமரைன். கடல் தண்ணின்னு அர்த்தமுங்க.” லத்தீனில் அதுதான் பொருள். அம்மா கல்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அந்த மோதிரம் என்ன கல் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

“கடல்கல்லுங்க.”