ஸ்டோருக்குள் புகுந்த இறைச்சி யந்திரம்

துரை பங்களாவின் குசினியில் மேசை விளிம்போடு திருகாணியால் பூட்டப்பட்டிருந்த இறைச்சி அரைக்கும் யந்திரமும், லயத்துக் காம்பரா வாசலில் மஞ்சளேறிக் கிடந்த அம்மியும் ஒரே தோட்டத்தில் இருந்தும் ஒன்றையொன்று அறியாதவை. ஆயினும் அவ்விரண்டில் எது உத்தமம் என்ற சங்கடம், விசித்திரமாக, அடுப்படியை விட்டுத் தேயிலை ஸ்டோருக்கு, அதாவது கொழுந்தைப் பதப்படுத்தும் ஆலைக்கு, வந்து சேர்ந்தது.

1867இல் இலங்கையின் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், ஆதியில் தம் பங்களா விறாந்தையிலேயே மேசையிட்டு, வாடிய கொழுந்தைக் கையால் உருட்டச் செய்தார். பாரமும் உராய்வும் சேர்ந்து இலையை முறுக்கிச் சாற்றை வெளிக்கொணரும் அம்மியின் நியாயம்தான் அது. பின்னர் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து ஸ்டோர்களில் சுழன்ற ரோலர்களும், பித்தளைத் தளத்தின்மேல் வட்டமிடும் குழவிகள் என்றே சொல்லத்தக்கவை.

1950களில் அஸ்ஸாமின் டொக்லாய் ஆராய்ச்சி நிலையத்தில் மக்டியர் என்பவர் அமைத்த ரோட்டர்வேனோ, இறைச்சி யந்திரத்தின் தமையன்: படுத்த இரும்பு உருளைக்குள் தகடு பொருத்திய தண்டு சுழல, ஒரு வாயில் புகும் இலை நசுங்கிப் பிழியப்பட்டு மறுவாயில் துணுக்குகளாய் உதிரும்.

மலைநாட்டார் பழையதைத் துரத்திவிடவில்லை. முதலில் ரோலரில் முறுக்கி, பிறகு ரோட்டர்வேனில் கொடுக்கும் சமரசமே பல ஸ்டோர்களில் நிலைத்தது. நீளமாய்ச் சுருண்ட இலையில் மோகங்கொண்டோர் அதைப் பழிப்பர். சாயம் சீக்கிரம் இறங்கும் பி.ஓ.பி. எனும் துணுக்குத் தேயிலையைக் குடித்து வளர்ந்த எனக்கு அந்தப் பழிப்பு அவ்வளவாக உறைப்பதில்லை.

லயத்துக் காம்பராக்களிலும் இன்று மின்சார கிரைண்டர் இரைகிறது. சம்பலுக்கு மட்டும் அம்மியைக் கழுவுகிறார்கள்.